மாலை இல்லாத புகைப்படம்

மேலகரத்தில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில், இறந்துபோனவர்கள் எல்லாரும் மாலையும் குங்குமப் பொட்டுமாக வரிசையாக இருப்பார்கள். ஒருவருக்கு மட்டும் இரண்டும் கிடையாது. அவர் அப்பாவுடைய பெரியப்பா. தோளில் கட்டம் போட்ட துண்டுடன், கேமராவை நம்பாத முகத்துடன் நிற்பார். வெள்ளைக்காரன் காலத்தில் பிழைப்புக்காகக் கப்பலேறியவர். கப்பல் மூழ்கிவிட்டதாகச் செய்தி வந்தது, உடல் வரவில்லை. அப்பா பிறப்பதற்கு முன்பே நடந்தது இது.

பிள்ளையில்லாத அவர் மனைவிதான் அப்பாவை எடுத்து வளர்த்தார். கடைசிவரை தாலியையும் பொட்டையும் அவர் விடவில்லை. "முங்குனதைக் கண்ணால கண்டவன் ஒருத்தன் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் அவுகளுக்கு மாலை போடக் கூடாது" என்று அப்பாவிடமும் அம்மாவிடமும் வாக்கு வாங்கிக்கொண்டுதான் கண்ணை மூடினார். யாரும் வந்து சொல்லவில்லை. ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, பெரியப்பா பெயர் வரவேண்டிய இடத்தில் அப்பா வாயை மூடிக்கொள்வார். இப்போது அப்பாவுக்கு எண்பது வயதாகிறது. "நானும் போயிட்டா அவுகளுக்கு யாரு இருக்கா" என்பதே கொஞ்ச காலமாக அவர் பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இந்தக் குற்றால சீசனில் அந்தக் கப்பலைப் பற்றியே ஒரு சினிமா வந்தது. தென்காசிக்கு அப்பாவை மேட்னி கூட்டிப்போனேன். வெளியே சாரல். உள்ளே நனைந்த குடைகளின் வாடை. ஏசியின் இரைச்சல் எது, மழை எது, திரையில் அலையடிக்கும் கடல் எது என்று பிரிக்க முடியாமல் அரைத்தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தேன். கப்பல் சாய்ந்தது. கதாநாயகன் கதாநாயகியைத் தேடி ஓடினான். அப்பா என் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, அந்தா நிக்காவ."

நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் காட்சி மாறிவிட்டது.

கப்பலின் கீழ்த்தட்டுக் கூட்டத்தில் கட்டம் போட்ட துண்டுடன் ஒருவர் நின்றாராம். தண்ணீர் வந்ததும் ஆளைக் காணோமாம்.

"அவரு துணை நடிகர்ப்பா. சம்பளம் வாங்கிட்டு, பிரியாணி தின்னுட்டு வீட்டுக்குப் போயிருப்பாரு."

"இருக்கட்டும். நான் கண்ணால கண்டேம்லா" என்றவர், வழியில் ஒரு மாலையும் வாங்கிக்கொண்டார்.

அம்மா ஒப்பவில்லை. "ஒங்க கண்ணுக்கு எதுத்த வீட்டுக்காரரே தெரிய மாட்டாரு. கூட வந்தவ பாத்தாளா?"

அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மாலை இலைப் பொட்டலத்திலேயே கிடந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாளும் மேட்னிக்குப் போனோம். இந்த முறை நான் கண்ணை இமைக்கவில்லை. கீழ்த்தட்டில் பெண்கள், பிள்ளைகள், டிரங்குப் பெட்டிகள். ஓரத்தில் அவர். எங்கள் சுவரில் இருக்கும் முகத்துக்கும் அந்த முகத்துக்கும் ஒரு ஒற்றுமையும் இல்லை. துண்டில் மட்டும் அதே கட்டம். கத்தாமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த இடத்தில் வெறும் தண்ணீர். அந்தத் தட்டில் எத்தனை பேர், அவர்கள் வீடுகளில் எத்தனை சுவர்கள் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கதாநாயகன் பிழைத்ததற்கு எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அவன்மேல் ஆத்திரமாக இருந்தது.

திரும்பும்போது அப்பா குற்றாலம்வரை போகச் சொன்னார். ஆனால் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு அருவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். சாரல் அவர் முகத்தில் படிந்தது.

"ஒங்க பெரியப்பாவுக்கு நீச்சல் தெரியாதாப்பா?"

"விழுத தண்ணிதான் நமக்குப் பழக்கம். கடலாக் கெடக்க தண்ணிய அவுக என்னத்தக் கண்டாவ."

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத்தான் பார்த்தாள். "நீ பாத்தியா?"

"பாத்தேம்மா."

"அவுகதானா?"

அப்பா வாசலிலேயே நின்றார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவுகதான். துண்டோட நின்னாவ. பயந்த மாதிரி தெரியல."

அம்மா உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள்.

மாலை லேசாக வாடியிருந்தது. அப்பாவுக்கு எட்டாது என்பதால் நாற்காலியில் ஏறி நான்தான் போட்டேன். கீழே நின்று கும்பிட்ட அப்பா, வாய்விட்டு அவர் பெயரைச் சொன்னார். அதுவரை எனக்கு அந்தப் பெயர் தெரியாது.