ராசம்மாள் வீட்டு ஐஸ் பெட்டி

1973ஆம் வருஷம் சித்திரையில் கீழ்வேளூர் வட்டாரத்தில் ஒரு வதந்தி கிளம்பியது. ரயில்வே கேட்டுக்குத் தெற்கே இரண்டு மைலில், கூரை வீட்டில் குடியிருக்கும் ராசம்மாள் என்ற நடவுக்காரியிடம் ஐஸ் பெட்டி இருக்கிறதாம். டீக்கடையில் விசாரித்தபோது அது இடுப்பு உயரம். பஸ் நிற்கும் இடத்துக்கு வருவதற்குள் ஆள் உயரமாகிவிட்டது. சைக்கிள் கடையில், சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்து நாகப்பட்டினத்தில் இறங்கி, வைக்கோல் வண்டிக்குள் பதுங்கி ஊர் சேர்ந்தது என்றார்கள். வண்டி ஓட்டியவரின் பெயர் மட்டும் தெரியவில்லை.

எனக்கு வதந்தி பிடிக்கும். அந்த வெயிலில் ஐஸ் தண்ணீர் அதைவிடப் பிடிக்கும். நடந்தே போனேன்.

தெருவில் முப்பத்திரண்டு வீடுகள். மின்சாரக் கம்பி மிராசுதார் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, அதற்குமேல் வர இஷ்டமில்லாமல் நின்றிருந்தது. ராசம்மாள் வீட்டில் ஒரே அறை. அதன் வடமூலையில் ஈர மணலைக் குவித்து, அதில் சால் என்கிற பெரிய மண்பாண்டத்தைப் பாதி புதைத்து, சாலுக்குள் ஒரு பானையை இறக்கி, இரண்டுக்கும் நடுவே மறுபடி ஈர மணல் போட்டிருந்தார்கள். மேலே நனைந்த சாக்கு.

"இதாங்க ஐஸ் பெட்டி. நல்லாப் பாத்துக்குங்க. நீங்க பதினோராவது ஆளு," என்றார் ராசம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். எரிச்சலை மறைக்கிற பழக்கம் அவரிடம் இல்லை.

தை அறுப்பு முடிந்து மேட்டூர்த் தண்ணீர் வரும்வரை வயலில் அவருக்கு வேலை கிடையாது. அந்த மாதங்களில் பூ விற்பார். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் பாசஞ்சர் ரயிலில் மல்லி மொட்டு வரும். வாங்கின அன்றே எல்லாம் விற்றுவிடாது. மிச்சத்தை அடுத்த ரயில் வரைக்கும் உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

"எல்லாரும் தண்ணி தெளிச்சுத் தெளிச்சே பூவக் கொல்றாங்க," என்று சாக்கை விலக்கினார். பானைக்குள் தாமரை இலை விரித்து, அதன்மேல் வாழைநாரில் தொடுத்த சரம் சுருண்டிருந்தது. "பூ மேல ஒரு சொட்டு படக்கூடாதுங்க. மணலுதான் குடிக்கணும். காலையில ஒருக்கா, பொழுது சாயிறப்ப ஒருக்கா தொறந்து காத்தாட விடணும். அழுவுன மொட்டு ஒண்ணு தெரிஞ்சாலும் கிள்ளிப் போட்டுரணும். விட்டா பக்கத்துல உள்ளதையும் கெடுத்துரும்."

"கட்சி மாதிரி," என்றார் அவருடைய கணவர் வீரையன். கூரையின் அனல் இறங்கும் தென்மூலையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். "இந்த வூட்டுல குளுமையான எடம் அது ஒண்ணுதாங்க. அதுல பூ குடியிருக்கு. நான் இங்க வேவுறேன்."

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்திருக்கும். ஆனால் அந்த ஒரு அறை நிற்கிற மண் யாருக்கு என்பது ஐஸ் பெட்டியில் வந்து மாட்டிக்கொண்டது.

அரைப்படி நெல் கூலிக்காக ஊர்கள் இரண்டாகி, கொடிக்கம்பத்துக்கு ஒரு போலீஸ்காரர் என்று காவல் நின்ற வருஷங்களுக்குப் பிறகு, விவசாயத் தொழிலாளி குடியிருக்கிற மனை அவருக்கே சொந்தம் என்று சென்னையில் சட்டம் வந்திருந்தது. பட்டா எழுதும் வேலை நடந்துகொண்டிருந்தது. மிராசுதாரின் காரியக்காரர் கண்ணுசாமி தாலுகா ஆபீஸில் ஒரு மனுவைப் போட்டார்: ராசம்மாள் விவசாயத் தொழிலாளி அல்ல, பூ வியாபாரி, அதற்கென்று வீட்டில் ஐஸ் பெட்டி வைத்திருக்கிறார். முப்பத்தொரு பெயர்களுக்கு நேரே 'சரி' விழுந்தது. ராசம்மாள் பெயருக்கு நேரே 'விசாரணையில்' என்று விழுந்தது.

வதந்தியின் வேரைத் தேடினால் அது மிராசுதார் வீட்டுக்கே போனது. மிராசுதார் அனந்தநாராயணன் மெட்ராஸில் ஒரு பாங்கியில் வேலையாக இருந்தார். வீட்டைப் பூட்டினால் யாராவது குடிவந்துவிடுவார்கள் என்ற பயத்தில், பூட்டுக்குப் பதிலாக மனைவி அபயாம்பாளை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"நான் என்ன சொன்னேன்?" என்றார் அபயாம்பாள். "திங்கக்கிழமை வாங்கின பூ புதன்கிழமையும் ஐஸ்ல வெச்சாப்பல இருக்கேடின்னு அவகிட்டயே சொன்னேன். நல்லதாத்தானே சொன்னேன்? அப்போ கண்ணுசாமி ரேழியில நெல்லு மூட்டை எண்ணிண்டிருந்தான். எனக்கே ஒரு ஃபிரிட்ஜ் வாங்கித் தரச்சொல்லி நாலு வருஷமா கேக்கறேன். அவளுக்கு எங்கேர்ந்து?"

இதை ஆபீஸில் வந்து சொல்வீர்களா என்று கேட்டேன்.

"அதெப்படி? மனு நம்மாத்து மனுவாச்சே," என்று சொல்லிவிட்டு, கொண்டையில் இருந்த ராசம்மாளின் மல்லியைச் சரிசெய்துகொண்டார்.

விசாரணைக்கு வந்தவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அரசப்பன். அன்று நடந்ததை ராசம்மாளும் சொன்னார், அரசப்பனும் சொன்னார். ஆச்சரியம், இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"கரண்டே இல்லாத வூட்டுல ஐஸ் பெட்டி எப்படிங்கய்யா ஓடும்?" என்று ராசம்மாள் கேட்டிருக்கிறார்.

"ஓடுதான்னு மனுவுல கேக்கலம்மா. இருக்கான்னுதான் கேட்டிருக்கு."

"இல்லியே."

"இல்லைன்னு எழுத முடியாது. எனக்குத் தென்படலைன்னுதான் எழுத முடியும். தென்படலைன்னு எழுதினா, ஒளிச்சு வச்சிருந்தாங்களான்னு மேல கேப்பாங்க."

விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்களிடம் முறையிட்டார் ராசம்மாள். பூ விற்கிறவர் தொழிலாளியா, சிறுவியாபாரியா என்பதைக் கமிட்டியில் பேசி முடிவெடுப்பதாகச் சொன்னார்கள். பேசினார்கள். இன்னும் பேசுகிறார்கள் என்று கேள்வி.

கடைசியில் அரசப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஐஸ் இல்லாமலே பூ வாடாமல் இருக்கும் என்றால் அதை நிரூபித்துக் காட்டட்டும். ஒரு புதன்கிழமை, அன்று வந்த மொட்டில் தொடுத்த சரத்திலிருந்தே மூன்று முழம் மல்லி எடுத்துக்கொண்டார்கள். ராசம்மாள்தான் தன் கையால் அளந்து கொடுத்தார். பானைக்குள் வைத்து, மூடி, துணியால் வாய் கட்டி, அரக்கு உருக்கி சீல் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறப்பதாக ஏற்பாடு.

"ஐயா, ரெண்டு வேளையும் தொறக்கணுங்கய்யா. மூடியே வச்சா வெந்துரும்."

"சீல் ஒடைஞ்சா சோதனை செல்லாதும்மா."

இரண்டு நாளும் ராசம்மாள் பானையோடு உட்கார்ந்திருந்தார். மணலுக்குத் தண்ணீர் விட்டார். துணிக்கு மேலே விசிறினார். வியாழக்கிழமை மத்தியானமே உள்ளே பூ புழுங்குவது அவர் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. அரக்கின்மேல் சர்க்கார் முத்திரை இருந்தது. தொட்டால் மனை போய்விடும் என்று வீரையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை திறந்தபோது மூன்று முழமும் பழுத்துப்போய், ஊறவைத்த புளி மாதிரி இருந்தது.

அரசப்பன் எழுதிய அறிக்கை இது: 'ஐஸ் இல்லாத நிலையில் பூ கெட்டுப்போகும் என்பது நேரில் உறுதி செய்யப்பட்டது. எனவே மேற்படியாளிடம் ஐஸ் பெட்டி உள்ளது என்றே கருத வேண்டியுள்ளது.'

இரண்டு வாரம் கழித்து அக்கினி நட்சத்திரம் பிறந்தது. கூடவே பட்டா வழங்கும் விழாவும் வந்தது. மந்திரி ஒருவர் வருவதாகத் தாக்கீது. கல்லுக்குப் பூப்போடுவதை மேடைக்கு மேடை கேலி செய்தவர் அவர். ஒவ்வொரு மேடையிலும் அதைக் கழுத்து நிறைய மாலையோடுதான் செய்தார். ஆகவே கும்பகோணத்திலிருந்து ரோஜாவும் சம்பங்கியும் மரிக்கொழுந்தும் கலந்து ஆள் உயர மாலை ஒன்று வெள்ளிக்கிழமை விடியற்காலை வந்து இறங்கியது. ஒன்பது மணிக்குத் தந்தி வந்தது. விழா திங்கட்கிழமைக்கு மாற்றம். மாலைக்கு ஒதுக்கிய தொகை செலவாகிவிட்டது. இரண்டாவது மாலைக்கு உத்தரவு வாங்க வேண்டுமானால் அதற்கு ஒரு மாதம் ஆகும்.

பத்து மணிக்கு அரசப்பனின் சைக்கிள் ராசம்மாள் வாசலில் நின்றது. பின்னால் ஆபீஸ் பியூன் தலையில் மாலைக் கூடை.

"ராசம்மா, ஒரு ஒத்தாசை. திங்கக்கிழமை வரைக்கும் இத உங்க ஐஸ் பெட்டியில..."

"எதுல?"

அரசப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க எதுல வைப்பீங்களோ அதுல."

"சீல் வச்சுக் குடுத்துட்டுப் போங்க சார்," என்றார் வீரையன் மூலையிலிருந்து.

ராசம்மாள் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். சம்பங்கியின் நுனிகள் அப்போதே சாய ஆரம்பித்திருந்தன. கோபத்தைத் தள்ளிவைத்தது அதுதான் என்று பிறகு சொன்னார். அரசப்பன் முகம் இல்லையாம். "வாங்கிக்கிறேன். தெனம் ரெண்டு வேளையும் நான் தொறக்கிறப்ப நீங்க வந்து நிக்கணும். கண்ணால பாக்கணும்."

மாலைக்குப் பானை போதாது. பக்கத்து வீட்டில் விதைநெல் ஊறப்போடும் பெரிய மண்தொட்டியைக் கடன் வாங்கினார்கள். ஓடம்போக்கி ஆறு வறண்டு கிடந்தது. அதில் ஊற்றுத் தோண்டி வீரையன் தண்ணீர் சுமந்தார். மாலைக்கு இடம் போதவில்லை என்று வீரையனின் பாய் வாசலுக்குப் போனது. வெள்ளி சாயங்காலம், சனி, ஞாயிறு இரண்டு வேளை, திங்கள் காலை என்று அரசப்பன் ஆறு முறை வந்தார். ஆறு முறையும் மணல், சாக்கு, தாமரை இலை, கிள்ளியெறிந்த இதழ்கள். வேறொன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவரே உட்கார்ந்து இரண்டு அழுகல் இதழைக் கிள்ளினாராம்.

திங்கள் காலை ராசம்மாள் தொட்டியின் மூடிமேல் உட்கார்ந்துகொண்டார்.

"பாத்தீங்கள்ல. எழுதுங்க."

"எழுதினத எப்படிம்மா மாத்துறது? என் கையெழுத்துதான் அதுல இருக்கு. நானே பொய் சொன்னேன்னு நானே எழுதணுமா?"

"அப்ப மாலை இங்கயே இருக்கட்டும்."

"மந்திரி திருவாரூர் தாண்டிட்டாராம்."

"வரட்டும். மோர் தர்றேன்."

அரசப்பன் சைக்கிள் சீட்டின்மேல் காகிதத்தை வைத்து எழுதினார். பியூன் வாசித்துக் காட்டினார்: 'முன்னர் இருந்ததாகக் கருதப்பட்ட ஐஸ் பெட்டி, நேரில் ஆறு முறை பார்வையிட்டதில், தற்போது இல்லை.'

"இருந்ததாவா? எப்பங்க இருந்துச்சு? அந்த வார்த்தைய அடிங்க."

"அடிச்சா திருத்தல்னு கேப்பாங்க ராசம்மா. புது விசாரணை வரும். உங்களுக்குப் பட்டா வேணுமா, வார்த்தை வேணுமா?"

ராசம்மாள் மூடியைவிட்டு எழுந்தார். எழுந்ததற்காக இன்றுவரை தன்னைத் திட்டிக்கொள்கிறார்.

திருவாரூர் தாண்டியதாகச் சொன்ன மந்திரி சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் வந்தார். மாலை அன்று காலையில் கட்டியதுபோல் இருந்தது. போட்டோக்காரர் விளக்கு ஒருமுறை மின்னும் நேரம் அது அவர் கழுத்தில் கிடந்தது. பிறகு கழற்றி யாரோ கையில் கொடுக்க, அந்த யாரோ அதைக் கொண்டுபோய் வெயிலில் நின்ற ஜீப்பின் பானெட்மேல் போட்டார். முப்பத்திரண்டாவது பெயராக ராசம்மாளைக் கூப்பிட்டார்கள். பட்டாவை வாங்கியவர் மேடையில் யாரையும் பார்க்கவில்லை. ஜீப்பையே பார்த்தார். "அத நெழல்லயாவது வைக்கச் சொல்லுங்க சார்," என்றார் இறங்கும்போது. யாரிடம் சொன்னார் என்று யாருக்கும் தெரியாததால் யாரும் வைக்கவில்லை. கூட்டம் முடிவதற்குள் மாலை சுருண்டுவிட்டது.

மனை அவருடையதாயிற்று. ஆனால் சோதனைக்கென்று எடுத்த மூன்று முழம் மல்லி? அதைத் திருப்பித் தர வேண்டும் என்று பியூனைக் கொண்டு ஒரு மனு எழுதிப் போட்டார் ராசம்மாள். காசு வேண்டாம், பூவாகவே வேண்டும் என்று கேட்டிருந்தார். அரசப்பன் திருத்துறைப்பூண்டிக்கு மாற்றலாகிப் போகும் முன் வீட்டுக்கு வந்து, "பேசாம என் கையால மூணு முழம் கடையில வாங்கித் தந்துடறேன்," என்று முழங்கையை நீட்டினார். அவர் குள்ளம்.

"எடுத்தது என் கையால," என்றார் ராசம்மாள்.

புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் கோப்பைப் படித்துவிட்டு ஓலை அனுப்பினார். மேற்படி மூன்று முழம் என்பது யாருடைய முழம் என்பதில் ஐயப்பாடு இருப்பதால், அளந்த கையை ஆபீஸ் நேரத்தில் நேரில் ஆஜர்படுத்த வேண்டும். ராசம்மாள் இரண்டு தடவை கையோடு போய்வந்தார். இரண்டு தடவையும் இன்ஸ்பெக்டர் வெளியூர் கேம்ப்.

அதற்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது நடவு. ஆபீஸ் திறந்திருக்கிற நேரமெல்லாம் அந்தக் கை சேற்றில் இருக்கிறது. போன வாரம் வரப்பில் நின்று விசாரித்தேன். நாற்றுமுடியைப் பிரித்தபடி, "மூணு முழம் பாக்கி நிக்கிது," என்று மட்டும் சொன்னார்.