மாடியில் கிடந்த செருப்பு

பச்சித்தர் சிங் டிராக்டர் டிரெய்லர்களுக்கு வெல்டிங் செய்பவர். தரன் தாரன் பக்கத்தில் எங்கள் ஊரில், அவர் பட்டறைக்கு எதிர்வீடு என்னுடையது. நெருப்புப் பொறி கையில் தெறித்தாலும் "வாஹேகுரு" என்று இறைவனை அழைப்பார், இரும்பு சரியாக ஒட்டினாலும் "வாஹேகுரு" என்பார். பக்தியா பழக்கமா என்று நான் தீர்மானித்ததில்லை. மனைவி நசீப் கௌர் மாடி ஏணியிலிருந்து விழுந்த பிறகு அவர் வாயில் அந்தச் சொல் வரவில்லை.

அன்று பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முற்றத்தில் அமர்ந்து ரஹிராஸ் என்னும் அந்திப் பாடலைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் பேசுவதில்லை என்பது அவராக வைத்துக்கொண்ட விதி. மாடியில் காய்ந்த மிளகாயை அள்ளிக்கொண்ட நசீப் கௌர், "ஏங்க, ஏணியைக் கொஞ்சம் புடிங்க" என்றாள். கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் உயர்த்தினார்: இரு. இருட்டிக்கொண்டு வந்தது, அவள் இருக்காமல் இறங்கத் தொடங்கினாள். ஏணி சறுக்கியது. விழுந்த சத்தம் கேட்ட பிறகும் அவர் உதடுகள் ஓடின. எத்தனை வரி என்று அவருக்கே தெரியாது. இறைவனை நினைந்து ஓதுவதைச் சிம்ரன் என்பார்கள்; சிம்ரன் என்றால் நினைவு. அவர் அந்த நினைவில் இருந்தபோது, அவள் நினைவு தப்பி மிளகாய்மேல் கிடந்தாள்.

இடுப்பெலும்பில் அறுவை முடிந்து அவளைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, குருத்வாராவில் கிரந்தம் வாசிப்பவர் எல்லோர் முன்பும் சொன்னார்: "சம்சாரம் விழுந்தப்பகூட பாட்டை நிறுத்தலையே நம்ம பச்சித்தர்! அதுதான் சிம்ரன்!"

பச்சித்தர் எழுந்து வெளியே போய்ச் செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் வருகிறவர்களின் செருப்பைத் துடைத்து அடுக்குவது அவர் வேலையாயிற்று.

"உனக்கெதுக்கு இந்தத் தண்டனை? நான் புகழ்ந்துதானே பேசினேன்?"

"அதுக்குத்தான் பாபாஜி."

எனக்கும் அவர் செருப்புத் துடைப்பது பெரிதாகத்தான் தெரிந்தது, நசீப் கௌர் பேசும்வரை. நான் மோர் கொண்டுபோயிருந்தேன். பச்சித்தர் அப்போதுதான் உள்ளே நுழைந்தார்.

"வாங்க மகானே! ஊர்ச் செருப்பெல்லாம் பளபளக்குதாமே?"

"ம்."

"என் செருப்பு மாடியிலயே கெடக்குது. எறங்குறப்ப கழட்டி வெச்சது, மழையிலயும் நனைஞ்சாச்சு. அதைத் தொடைக்க எந்தக் குருத்வாராவுக்குப் போகணும்?"

அவர் ஏணியைச் சாத்திவிட்டு அதன் கீழேயே நின்றார். நான் போய்ப் பிடித்தேன்.

"ஏறுங்க, ஏறுங்க. உங்களுக்குப் புடிக்க ஆள் இருக்கு" என்றாள் கட்டிலிலிருந்து.

செருப்புடன் இறங்கி வந்து தோள்துண்டால் துடைத்தார். பட்டையில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டும்போது, தன்னை அறியாமல் "வாஹே" என்றார். பாதியில் விழுங்கிக்கொண்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"எந்த வாயால சொல்றது, புண்ணியவதி?"

"இருக்குற வாயாலதான். வேற வாங்கியா மாட்டுறது? மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. இடுப்பு இன்னும் வலிக்குது. ஆனா அந்தச் சத்தம் இல்லாம வீடு, கரண்டு போன பட்டறை மாதிரி இருக்கு."

அன்று அந்தியில் அவள் கட்டிலருகே, கண்ணைத் திறந்தபடி ரஹிராஸ் சொன்னார். நடுவில் அவள், "தண்ணி" என்றாள். வரியின் பாதியில் நிறுத்தி எழுந்தார். தலையைத் தாங்கிக் குடிக்கவைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தவர் விழித்தார்.

"விட்ட எடம் மறந்துபோச்சு."

"மொதல்லேருந்து சொல்லுங்க. நான் எங்க எழுந்து போகப் போறேன்?"