சிராஜின் ரத்தம்

பிரம்மநாயகத்துக்குத் தாராவியில் பலசரக்குக் கடை. எடை குறைத்து நிறுத்தியதில்லை. ஆனால் எதிர்க்கடையில் கூட்டம் நின்றால் அவருக்குச் சோறு இறங்காது. 1968இல் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எதிர்க்கடை இல்லை. பக்கத்துக் கட்டிலில் சிராஜ் இருந்தான். மேலப்பாளையத்துக்காரன், தாராவியில் தோல் பை தைக்கிறவன். அவனுக்கும் அதே நோய், அதே டயாலிசிஸ் இயந்திரம்.

சிராஜின் உதடுகள் சிவப்பாக இருந்தன. பிரம்மநாயகம் தன் நகங்களைப் பார்த்தார். சுண்ணாம்பு நிறம்.

"வெத்தலை போட்டீராவே?"

"வெத்தலையா? இங்க குடிக்கத் தண்ணியே அளந்துல்லா தாராவ, அண்ணாச்சி."

இயந்திரத்தில் நிரந்தரமாக இன்னும் ஒருவருக்குத்தான் இடம் என்றார் டாக்டர். இந்த நோயில் ரத்தம் குறைந்துகொண்டே போகும்; ஆஸ்பத்திரியிலோ ரத்தத்துக்குத் தட்டுப்பாடு. யாருடைய உடம்பு தானே ரத்தம் உண்டாக்குகிறதோ, அவருக்கு. கதிரியக்க இரும்பை ஊசியில் ஏற்றி, அது எவ்வளவு விரைவாகப் புதுச் சிவப்பணுக்களில் சேர்கிறது என்று அளப்பார்கள். அதுவரை இருவரும் ரத்தம் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

பிரம்மநாயகம் இதைக் கடைக்காரராகவே புரிந்துகொண்டார். மொத்த வியாபாரியின் ஆள் கடையைப் பார்க்க வரும் நாளில், தெரிந்த கடைகளிலிருந்து மூட்டைகளை இரவல் வாங்கி அடுக்கிவைப்பது அவர் வழக்கம். நிறைந்த கடைக்குத்தான் சரக்கு கொடுப்பார்கள். ஊசிக்கு முந்தின வாரம் மாதுங்காவில் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குப் போய் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிக்கொண்டார். மனைவி கனகவள்ளிக்கு மட்டும் தெரியும்.

முகம் தெளிந்தது. "அண்ணாச்சிக்கு மாப்பிள்ளைக் களை வந்துட்டு," என்றாள் சிராஜின் மனைவி ஆபிதா. சிராஜும் சிரித்தான். பொறாமைப்படாமல் அவன் சிரித்தது பிரம்மநாயகத்துக்குப் பிடிக்கவில்லை.

முடிவு வந்தது. ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜை சிராஜுக்குக் கொஞ்சமாவது வேலை செய்துகொண்டிருந்தது. பிரம்மநாயகத்தின் மஜ்ஜை அநேகமாக நின்றேபோயிருந்தது. வெளியே ரத்தம் ஏற்றிக்கொண்டாரோ என்று டாக்டருக்குச் சந்தேகம்.

"பாஹர் கூன் லியா க்யா, சேட்?"

வெளி ரத்தம் வந்தால் மஜ்ஜை தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும் என்றார். அப்படியென்றால் இந்தச் சோதனை செல்லாது. சில வாரம் கழித்து மறுபடி செய்யலாம், அதுவரை இடத்தை யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றும் சொன்னார்.

சிராஜ் விழித்திருந்தான்.

"நஹீ, சாப்," என்றார் பிரம்மநாயகம்.

டாக்டர் நகர்ந்ததும் கனகவள்ளி அவர் காதருகே குனிந்தாள். "உண்மையச் சொல்லிருங்க. திரும்பப் பாப்பாவல்லா?"

"இவன் முன்னாலயா? இவனப் பாத்துத்தான் ஏத்திக்கிட்டேன்னு தெரிஞ்சிராதா?"

"தெரிஞ்சா தெரியட்டும். உசிரு போயிருமே."

"சும்மா இரு."

சிராஜ் இவர்கள் பக்கம் திரும்பிப் படுத்தான். "வருத்தப்படாதீங்க அண்ணாச்சி. அடுத்த மிஷின் வந்தா ஒங்களுக்குத்தான்."

"ஒமக்கு மட்டும் எப்படிவே ஊறுது?"

"எனக்கென்ன தெரியும்? அல்லா ஊறவைக்கான்."

கனகவள்ளி எழுந்தாள். டாக்டர் இன்னும் வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தார். பிரம்மநாயகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் இழுத்துப் பார்த்தாள். அவர் விடவில்லை.