மருந்து எதுவும் தரவில்லை

என் சட்டைப் பையில் உள்ள சிறு டைரிக்குள் ஒரு பொட்டலக் காகிதம் இருக்கிறது. அதில் பென்சிலால் எழுதிய மூன்று பெயர்கள்: சீந்தில், அமுக்கரா, நிலவேம்பு. நாட்டு மருந்துக் கடை பாயின் கையெழுத்து. மடித்து மடித்து நடுப்பெயர் பாதி அழிந்துவிட்டது.

எட்டு வருடங்களுக்கு முன், ஒன்பது வயதில், என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சென்னைக்குப் போய் ஊசி. திரும்பினால் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். யாராவது தும்மினாலே கதவைச் சாத்துவேன். கார்த்திகை தீபத் திருவிழாவுக்கு ஊர் நிரம்பிய பத்து நாளும் அவளை வாசலுக்கு விடவில்லை. எதிர்ப்புச் சக்தி கூடட்டும் என்று, யாருக்கென்று சொல்லாமல் பாயிடம் இந்த மூன்றையும் வாங்கி, இரண்டு வாரம் கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

மறுபடி போனபோது, "யாருக்கு வாத்தியாரே?" என்றார். சொன்னேன்.

"ஆஸ்பத்திரில சொன்னீங்களா?"

"வேற மருந்து எதுனா தர்றீங்களான்னு கேட்டாங்க, இல்லைன்னுட்டேன். கஷாயம்தானே பாய்."

தராசைக் கீழே வைத்தார். "அப்ப என் போர்டுல மளிகைக் கடைனு எழுதிக்கவா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"மொதல்ல நிறுத்துங்க. ஒண்ணும் பண்ணாத சரக்கை நான் விக்கிறதில்ல. உடம்பை ஏதோ பண்ணும்னா, அந்த ஊசியையும் ஏதோ பண்ணும் இல்லீங்களா?"

பெயர்களை எழுதிக் கொடுத்தார். அதை வாசித்த சென்னை ஆஸ்பத்திரி டாக்டரம்மா திட்டவில்லை. "பொண்ணுக்குக் கெட்டுப்போனதே வெள்ளை அணுதாங்க. இது எந்த அணுவைத் தட்டி எழுப்பும்னு எனக்கும் தெரியாது" என்றார். அந்த இரண்டு வாரம் என்ன செய்தது என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தப் பயம் மட்டும் என்னை விடவில்லை.

அதன்பின் பாய் எனக்கு ஒரு சிட்டிகைப் பொடிகூட விற்கவில்லை. மகளுக்குக் கல்கண்டு கொடுப்பதற்கும் டாக்டரம்மாவிடம் கேட்டு வரச் சொன்னார். தெருவில் பார்த்தால் நலம் விசாரிப்பதே, "இந்த வாட்டி வெள்ளை ஜாஸ்தியா, கம்மியா?" என்றுதான். ஜாஸ்தி என்றாலும் கம்மி என்றாலும் அவர் முகம் மாறிவிடும். எது நல்லதென்று எங்கள் இருவருக்குமே சரியாகப் புரிந்ததில்லை.

போன வருடம் பாய் இறந்துவிட்டார். மகள் இப்போது பிளஸ் டூ. வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை. சென்ற மாதம் டாக்டரம்மா வழக்கம்போல், "வேற மருந்து எதுனா சாப்பிடறியா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"காலைல சுக்குக் காபி குடிச்சேன். அப்பா, அதை எழுதலியா?"

டைரியிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து, நிலவேம்புக்குக் கீழே எழுதினேன்.