பந்தயக் குதிரையும் மரவள்ளி வண்டியும்

குதிரைப் பந்தயம் வாயில்லாச் சீவனைக் கொடுமைப்படுத்துகிற வேலை என்று யாராவது என் முன்னால் சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன். கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த இடத்தில்கூடச் சண்டை பிடித்திருக்கிறேன். "சூதாட்டம்னு திட்டு, கேட்டுக்கிறேன். குடும்பத்தைக் கெடுக்கும்னு சொல்லு, ஒத்துக்கிறேன். கொடுமைன்னு மட்டும் சொல்லாதே" என்பேன். இவ்வளவு பேசுகிறவள், பேசியே ஆக வேண்டிய ஒரே ஓர் இடத்தில் வாயை அடக்கிக்கொண்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பந்தயக் குதிரைக்கு சைஸ். குதிரையைக் குளிப்பாட்டி, உடம்பு தேய்த்து, தீனி வைத்து, அதன் மூச்சுக் கேட்கிற தூரத்திலேயே படுத்து எழுகிறவருக்கு அப்படிப் பேர். நான் புல்லறுத்துப் போடுகிறவள். மலாக்காவில், காஜா பெராங் பகுதியில், சடக்கு என்று நாங்கள் சொல்கிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு துரையின் லாயம். அதை ஒட்டின அறையில் எங்கள் குடித்தனம். லாயத்தில் ஒரே ஒரு பெட்டைக் குதிரை, செம்மண் நிறம். வெள்ளைக்காரப் பேர் ஒன்று அதற்கு இருந்தது. என் வீட்டுக்காரர் வாயில் அது நுழையவில்லை. "பொண்ணு" என்றுதான் கூப்பிடுவார். கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடிக்கும் என்று சொல்வார்கள் இல்லையா, இந்தப் பொண்ணு கடிவாளத்துக்கும் வாயைத் திறக்கும். கடிவாளத்தைக் கையில் எடுத்தால் பந்தய மைதானம் பக்கம் போகப் போகிறோம் என்று அதற்குத் தெரியும்.

நாங்கள் பசியாறுவதற்கு முன்னால் அது பசியாறும். அதற்கு இருமல் என்றால் மிருக டாக்டர் காரில் வந்து இறங்குவார். என் மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது நாங்கள் தோளில் தூக்கிக்கொண்டு நடந்துதான் போனோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கொடுமை எது என்று கேட்டதால் சொல்கிறேன்.

சாட்டை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் கடைசியில் அதில்தான் வந்து நிற்பார்கள். என் வீட்டுக்காரர் சொல்வார்: "சாட்டை அடிக்கிறதுக்கு இல்ல புள்ள, சொல்றதுக்கு." ஓட்டம் முழுக்கப் பொண்ணுமேல் சாட்டை படாது. பக்கத்தில் இன்னொரு குதிரை ஒட்டி வரும்போது, முடிவுக் கோடு தெரியும்போது, பின்தொடையில் ஒரு தட்டு. மெதுவான தட்டு. இனி ஒன்றும் மிச்சம் வைக்காதே என்று அதற்கு அர்த்தம். குட்டியிலிருந்து அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

எல்லா ஓட்டக்காரரும் அப்படி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒருதடவை பொண்ணு தொடையில் வரிவரியாகத் தடிப்போடு திரும்பி வந்தது. தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினவள் நான்தான். மைதானத்தில் வேறொரு குதிரை கால் முறிந்து விழுந்ததையும், சுற்றிலும் படுதா பிடித்துக்கொண்டு அதைச் சுட்டதையும் பார்த்திருக்கிறேன். பந்தியில் சண்டை போடும்போது இந்த இரண்டையும் நான் சொல்வதில்லை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை ஒரே நாளில் காரேறிப் போய்விட்டார். "குதிரையைப் பார்த்துக்கொள்" என்று சொன்னதோடு சரி. மைதானத்தில் மரவள்ளி நட்டார்கள். கொள்ளு கண்ணில் படாமல் போயிற்று. நான் அறுத்துவரும் புல்லும் மரவள்ளித் தோலும்தான் தீனி. தோலைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, வேகவைத்துத்தான் கொடுக்கலாம். பச்சையாகத் தின்றால் விஷம். மாடு இளைத்தாலும் கொம்பு இளைக்காது என்பார்கள். குதிரைக்குக் கொம்பும் இல்லையே. எலும்புதான் நாளுக்கு நாள் வெளியே வந்தது.

எங்களுக்குப் பக்கத்தில் ஓர் அக்கா இருந்தார். மலாக்கா செட்டிக் குடும்பம், எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறின தமிழ் வம்சம். சாமி கும்பிடுவதில் எங்களைவிட ஒரு படி மேல். பேச்சு மட்டும் மலாய். தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் வராது. என்னோடு பேசுவதெல்லாம் மலாயில்தான், நானும் தட்டுத்தடுமாறி மலாயில்தான் பதில் சொல்வேன். நல்ல மனசு. தன் வீட்டு மரவள்ளித் தோலையெல்லாம் பொண்ணுக்கென்று எடுத்துவைத்துக் கொடுத்தவர். ஆனால் பந்தயம் என்றால் முகம் சுருங்கிவிடும்.

"பணக்காரன் கைதட்டுறதுக்காக அடிச்சு அடிச்சு ஓடவிட்டீங்க. இப்பத்தான் அதுக்கு ஓய்வு. ஜப்பான்காரன் செஞ்ச ஒரே நல்ல காரியம் இது" என்றார் ஒருநாள்.

"அடிக்கிறதில்லக்கா. அது பிரியப்பட்டு ஓடும்" என்றேன்.

"உன்கிட்ட வந்து சொல்லுச்சா?"

அவர் சிரித்தார். நாம் ஊட்டி வளர்த்ததின் பேரில் ஒருவர் 'கொடுமை' என்று எழுதி ஒட்டினால், முதலில் கோபம் வரும். நாலாம் நாள் வெட்கம் வரும். எனக்கு வெட்கம் வந்துவிட்டது. அதற்கப்புறம் அக்கா இருக்கும் இடத்தில் பந்தயப் பேச்சையே எடுக்காமல் விட்டேன்.

இப்படி இருக்கும்போது இரண்டு சிப்பாய்கள் லாயத்துக்குள் நுழைந்தார்கள். ஒருவன் பொண்ணின் பின்புறத்தைக் கையால் அமுக்கிப் பார்த்தான். சந்தையில் ஆடு வாங்குகிறவன் பார்ப்பானே, அந்தப் பார்வை. வேலை செய்கிற மிருகமா என்று கையைக் காட்டிக் கேட்டான். ஆமாம், வண்டி இழுக்கும் என்று நான்தான் முந்திக்கொண்டு தலையாட்டினேன். வேலை செய்யாத மிருகத்தைக் கறிக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர்கள் போனதும் என் வீட்டுக்காரரின் உயிரை எடுத்துவிட்டேன்.

"வண்டியில பூட்டுங்க. இல்லாட்டி சட்டிக்குத்தான் போகும்."

"இது வண்டிக் குதிரை இல்ல புள்ள."

"பட்டத்து யானையா? இருக்கிற நாளுக்கு ஏத்தாப்ல இருக்க வேண்டியதுதான்."

பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப் பக்கமிருந்து மரவள்ளி ஏற்றிவருகிற வண்டிக்கார அண்ணன் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். மாடுகள் இரண்டையும் சிப்பாய்கள் ஓட்டிப்போனதில் வெறும் வண்டியோடு நின்றார். பேச்சு ஒரு நிமிஷத்தில் முடிந்தது. என் வீட்டுக்காரர் போட்டது ஒரே நிபந்தனை: "கையில குச்சி மட்டும் எடுக்காதீங்கண்ணே. நான் முன்னால புடிச்சு நடந்து வர்றேன்." அப்படியே நடந்தும் போனார், தினமும். நுகத்தடி பழகின வண்டிக்கு ஏர்க்காலை மாற்றி, சாக்குத்துணி மெத்தை வைத்து, பொண்ணின் தோளில் புண் வராமல் பார்த்துக்கொண்டார். "சாமிக்கே இப்ப நிம்மதியா இருக்கும். அடி இல்லாத வேலை" என்றார் அக்கா. பொண்ணின் காதுகள் மட்டும் பக்கவாட்டில் தொங்கிக் கிடந்தன. அதை நான் அக்காவிடம் காட்டவில்லை.

சில வாரங்களில் என் வீட்டுக்காரரை பத்து பெரெண்டாம் விமானத் திடலுக்கு மண் சுமக்க ஆள் பிடித்தார்கள். பகலெல்லாம் அங்கே. முதல் நாள் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "நீ கூடப் போ. குச்சியில தட்டுனா அதுக்கு என்ன அர்த்தம்னு அண்ணன்கிட்ட வெளங்கச் சொல்லு. அவர் மாடு ஓட்டுன கை."

மாட்டு வண்டிக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. பின்னால் மோட்டார் சத்தம் கேட்டால் மாட்டின் பின்தொடையில் குச்சியால் லேசாக ஒரு தட்டு. மாடு சடக்கை விட்டு ஓரத்துக்கு ஒதுங்கும். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது, கை தானாகச் செய்யும்.

அன்றைக்கு வண்டியில் அண்ணன் முன்னால், நானும் அக்காவும் பின்னால். கிழங்கு வாங்க அக்காவும் வந்திருந்தார். வண்டிப் பலகையில் பழைய மாட்டுக்குச்சி செருகியிருந்தது. அதைப் பார்த்ததும் சொல்ல வாயெடுத்தேன். 'அண்ணே, பந்தயத்துல சாட்டை பட்டா முழு வேகத்துல ஓடணும்னு அதைப் பழக்கியிருக்கு' என்று சொல்லியிருக்க வேண்டும். சாட்டை என்ற சொல்லும் பந்தயம் என்ற சொல்லும் அக்காவுக்குப் புரிகிற தமிழ். என் முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்னது இதுதான்:

"அண்ணே, குதிரையை அடிக்காதீங்க. பாவம்."

"என்னா தங்கச்சி, என்னைய அரக்கன்னு நெனச்சியா? நான் எந்த மாட்டையும் அடிச்சவன் இல்ல. நோகாம ஒரு தட்டு, அவ்வளவுதான்."

நோகாமல் ஒரு தட்டு. அதுதான் ஆபத்து என்று எனக்குத் தெரியும். "சரிண்ணே" என்றேன்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. கிழங்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். விமானத் திடலைத் தாண்டி நேரான சடக்கு. பின்னால் ஒரு பட்டாள லோரி வந்தது. கரியடுப்பு வைத்து ஓட்டுகிற லோரி, முக்கி முனகி எங்களுக்குப் பக்கத்தில் ஒட்டி ஏறியது. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குச்சி கையில் வந்தது. ஒரு தட்டு.

தொங்கின காதுகள் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். அடுத்த மூச்சில் வண்டி எங்களுக்குக் கீழே இல்லாதது போல் பறந்தது. மூட்டைகள் உருண்டன. அக்கா சாமி பேரைச் சொல்லி என்னைக் கட்டிப்பிடித்தார். அண்ணன் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். கயிற்றை இழுத்தால் நிற்கிற நேரமா அது. லோரியின் மூக்கு எங்களுக்குச் சமமாக இருந்தது, பிறகு பின்னால் போயிற்று. அதிலிருந்த சிப்பாய்கள் சிரித்துக் கைதட்டினார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பயம் வரவில்லை. பொண்ணுக்கு உயிர் வந்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது.

சடக்கு வளைந்த இடத்தில் சக்கரம் ஓரத்தில் தண்ணீர் ஓடுகிற காணுக்குள் இறங்கி வண்டி சாய்ந்தது. நாங்கள் மூன்று பேரும் புல்லில் விழுந்தோம், சிராய்ப்போடு போயிற்று. ஏர்க்கால் முறிந்து பொண்ணின் முன்னங்காலில் பாய்ந்திருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தது. கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, திடலிலிருந்து என் வீட்டுக்காரர் உடம்பெல்லாம் மண்ணோடு ஓடி வந்தார். காலைப் பார்த்தார். வேறெதையும் பார்க்கவில்லை. பொண்ணின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, துப்பாக்கி வைத்திருந்த சிப்பாயைப் பார்த்துத் தலையை அசைத்தார். கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலைப் பார்த்த யாரும் சொல்ல மாட்டார்கள். சுட்ட பிறகும் கொஞ்ச நேரம் அதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிப்பாய்கள் பலகை வைத்து அதை லோரியில் ஏற்றினார்கள். எதற்கென்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சத்தியமா அடிக்கல தம்பி" என்றார் வண்டிக்காரர். அழுதார். "சும்மா ஒரு தட்டு."

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லலையா?"

"சொன்னேனே" என்றேன். "அடிக்காதீங்கன்னு சொன்னேன்."

வண்டிக்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார். என் வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்தார். நான் என்ன சொன்னேன், எதைச் சொல்லவில்லை என்று அவருக்கு அப்போதே புரிந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூட்டையில் மிஞ்சின கிழங்கைத் துண்டில் கட்டிக்கொண்டு நடந்தே திரும்பினோம். அவர் முன்னால், நானும் அக்காவும் இரண்டு முழம் பின்னால். காஜா பெராங் வீடுகள் தெரிய ஆரம்பித்தபோது அவர் திரும்பாமலே கேட்டார்.

"முந்துச்சா?"

"முந்துச்சு" என்றேன். "நல்லாவே முந்துச்சு."

அவர் தலை லேசாக ஆடியது. நடை மாறவில்லை.

அக்காவுக்குத் தமிழ் புரியவில்லை. என் முழங்கையைத் தொட்டு, அவர் என்ன கேட்டார் என்று மலாயில் கேட்டார். சொல்வதற்கு இன்னொரு வாய்ப்பு. அன்றைக்கே இரண்டாவது வாய்ப்பு.

"அதுக்கு ரொம்ப வலிச்சுதான்னு கேட்டார்" என்றேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த கிழங்கு மூட்டையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.