கூழ் ஊட்டிய காலைகள்

என் கணவர் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்தில் பாதி நாள் வெளிமாநிலத்தில்தான் இருப்பார். திருச்செங்கோட்டுப் பக்கம் நிறைய வீடுகளில் அப்படித்தான். நான் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். மகள் அப்போது ஏழாவது படித்தாள்.

எங்கள் வீட்டில் காலைநேரம் என்றாலே சத்தம்தான். எழுந்ததும் போனைத்தான் எடுப்பேன். ஒரு கையில் தோசைக்கரண்டி, மறுகையில் பள்ளி வாட்ஸ்அப் குரூப். டிவி அதுபாட்டுக்கு ஓடும். மகளுக்குத் தலை பின்னும்போதே திட்டத் தொடங்கிவிடுவேன். வேனில் ஏறும்போது பாதி நாள் அவள் கண் கலங்கியிருக்கும். நான் நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுப்பேன்.

அவர் ஊருக்கு வந்திருந்த ஒரு நாளில் பக்கவாதம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் சீக்கிரம் சேர்த்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் வலது கை அசையவில்லை, பேச்சு வரவில்லை, விழுங்கவும் சிரமம்.

வீட்டுக்கு அனுப்பும்போது, பேச்சுப் பயிற்சி தரும் பெண் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். "தண்ணியா எதுவும் குடுக்காதீங்க. கெட்டியா, ஒவ்வொரு ஸ்பூனா குடுங்க. முழுங்கிட்டாரான்னு பாத்துட்டு அடுத்த வாய். அந்த நேரத்துல டிவி, போன், பேச்சு எதுவும் வேண்டாம். கவனம் சிதறினா புரையேறிடும்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனாலும் முதல் நாள் காலையில் போன் என் மடியில்தான் இருந்தது. அது அடித்ததும் அவர் திரும்பிப் பார்த்தார். வாயிலிருந்த ராகிக் கூழ் புரையேறி, முகம் கறுத்து, மூச்சுக்குத் தவித்தார். முன்னால் சாய்த்துப் பிடித்து, இருமி வெளியே வரும்வரை நான் நானாக இல்லை. மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து போனைப் பீரோவுக்குள் வைத்தேன். டிவியை யாரும் போடவில்லை. காய் நறுக்குவது, சீருடை தேய்ப்பது எல்லாம் சாயங்காலமே முடிந்துவிடும். தலைமையாசிரியை முதல் பாடவேளையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தார். மகள் தானே தலை பின்னப் பழகினாள். வகிடு கோணலாக இருக்கும். அதற்காக நான் திட்டவில்லை.

முதலில் ஒவ்வொரு வாய்க்கும் காத்திருப்பது பெரும்பாடாக இருந்தது. அவர் தொண்டையைப் பார்ப்பேன், கடிகாரத்தைப் பார்ப்பேன். நாள் போகப் போகக் கடிகாரத்தை மறந்துவிட்டேன். அவர் விழுங்கும் இடைவெளியில் நானும் உட்கார்ந்து அதே கூழைச் சாப்பிட்டேன். மகளும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த தெருவின் தறிச் சத்தம் காதில் விழும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட காலைகள் அவைதான்.

ஒருநாள் அவர் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"என்னாச்சுங்க?" என்றேன்.

"உப்பு..." என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பத்தல, புள்ள."

மகள் ஓடிப்போய் உப்பு டப்பாவை எடுத்து வந்தாள். நான் அழுதுகொண்டே கூழில் போட்டேன், கொஞ்சம் கூடுதலாகவே விழுந்துவிட்டது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார்.

இப்போது இடது கையால் தானே சாப்பிடுகிறார். ரிக் ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். வெளிமாநிலம் போவதில்லை. இனிச் சாப்பிடும்போது பேசலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த வாரமே பழக்கதோஷத்தில் நான் டிவி ரிமோட்டை எடுத்தேன்.

"வேண்டாம்மா," என்றாள் மகள். "அப்பா பேசறது கேக்காது."

அந்த நோய்க்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அன்றைக்குக் காரை எடுத்தவருக்கும், என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்ன அந்தப் பெண்ணுக்கும், பாடவேளையை மாற்றிக் கொடுத்த தலைமையாசிரியைக்கும் மனசுக்குள் தினமும் நன்றி சொல்கிறேன். சொல்வதற்குக் காலையில் இப்போது நேரமும் இருக்கிறது.