கள்ளுக்கடையில் இருந்த மணி

ஐம்பதுகளின் கடைசியில், கல்யாணமாகிக் கப்பலேறி சிங்கப்பூர் வந்த முதல் வாரத்திலேயே என் கணவரிடம் சொல்லிவிட்டேன். "இந்த நாய் இருந்தா நான் இருக்க மாட்டேன்." சின்ன வயதில் நாய்க்கடி பட்டவள் நான். மறுநாளே அவர் மணி என்ற அந்த நாயை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தார்.

அதன்பிறகு வேலை முடிந்ததும் தினமும் அவர் உட்லண்ட்ஸ் கள்ளுக்கடைக்குப் போவதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். வாயில் வாடை இல்லை. வெற்றிலை போட்டு மறைக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்து, ஒரு சாயங்காலம் அழுதுகொண்டே கடைக்குள் நுழைந்துவிட்டேன்.

பெஞ்சுகளுக்கு அடியில் மூன்று நாய்கள் படுத்திருந்தன. இவர் தரையில் உட்கார்ந்து, மணியின் காதில் உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவரைத் திட்டாதீங்கக்கா" என்றார் கடைக்காரர். "குடிக்க வரலை லா. நாயைப் பார்க்கத்தான் வர்றாரு. இங்க நாயை யாரும் விரட்ட மாட்டாங்க."

"ஏங்க என்கிட்ட சொல்லலை?"

அவர் தலை நிமிரவில்லை. "உனக்குப் பயம்னு சொன்னியே. தனியா இருந்த ஆறு வருஷமும் எனக்கு இதுதான் துணை."

நான் வருவதற்கு முன்பே அவருக்கு ஒரு குடும்பம் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையை நீட்டினேன். மணி மோந்து பார்த்துவிட்டு விரல்களை நக்கியது.

"வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

பயம் தெளிய ஒரு வருடம் பிடித்தது. அவரைக் குடிகாரர் என்று நினைத்ததற்கு மட்டும் நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.